1/48 கேட்டலினா: உள்ளறை முடிந்தது, உடல் பாதிகள் மூடவில்லை. முதுகில் 2 மி.மீ. இடைவெளி, உதவுங்கள்

ஏரிக்கரை:

வணக்கம். மூன்று மாத வேலை ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. இனி எதையும் வெட்டுவதற்கு முன் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

1/48 அளவில் கேட்டலினா பறக்கும் படகின் (தண்ணீரில் இறங்கி மிதக்கும் விமானம்) பிளாஸ்டிக் மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். சக்கரம் இல்லாத பிபிஒய்-5 வகை. எங்கள் வீடு செங்குன்றம் பக்கம். இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை பிரிட்டிஷ் விமானப்படையின் 240-வது ஸ்குவாட்ரன் எங்கள் புழல் ஏரியில்தான் கேட்டலினாக்களை வைத்திருந்தது. தண்ணீரில் விமானம் மிதந்ததை என் தாத்தா சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் இதை ஏனோதானோவென்று முடிக்க மனம் வரவில்லை.

பின்பக்கத்துக் கண்ணாடிக் குமிழ்கள் இரண்டையும் திறந்து வைத்துக் காட்டப் போகிறேன். கிட்டில், அதாவது கடையில் வாங்கிய பாகங்களின் தொகுப்பில், வந்த உள்பாகம் எனக்குப் போதவில்லை. அந்த அறை முழுவதையும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டில் கையால் செய்தேன். தரைக்கு 0.5 மி.மீ. ஷீட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். முன்னால் இருக்கும் படுக்கை அறைக்குப் போகும் கதவோடு கூடிய குறுக்குத் தடுப்பு 1 மி.மீ. ஷீட். சுவரில் வளைவுச் சட்டங்கள், அவற்றின் குறுக்கே நீளவாக்கில் ஓடும் ஸ்டிரிங்கர்கள். குண்டுப் பெட்டிகள், ஆக்ஸிஜன் குழாய், பழைய சார்ஜர் ஒயரிலிருந்து உருவிய செம்பு இழையில் மின்கம்பிகள் எல்லாம் வைத்து, பெயின்ட்டும் அடித்துவிட்டேன்.

இப்போது இரண்டு பாதிகளையும் சேர்த்தால் அடிப்பக்கம் சரியாக உட்காருகிறது. மூக்குப் பக்கமும் சரி. இறக்கைக்குப் பின்னாலிருந்து குமிழ் வரை முதுகில் மட்டும் 2 மி.மீ. பிளந்து நிற்கிறது. ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினால் மூடுகிறது, ஆனால் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் மறுபடி திறந்திருக்கிறது. தடுப்பின் ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்துவிடலாமா? தேய்த்தால் கதவு நிலை மெலிந்துவிடுமே என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்று: வலது குமிழின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு படலம். துடைத்தால் போகவில்லை.

மரத்தச்சன்:

தம்பி, முதலில் அந்த ரப்பர் பேண்டைக் கழற்றுங்கள். ‘டிக்’ என்றால் எங்கோ ஒரு ஒட்டு விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இப்படி அழுத்தி ஒட்டிய கூடு அன்றைக்கு மூடியதுபோல் இருக்கும். இரண்டு மாதம் கழித்து, பெயின்ட் எல்லாம் அடித்த பிறகு, முதுகில் தலைமுடி போல ஒரு விரிசல் வரும். எனக்கு ஒரு அவெஞ்சர் விமான மாதிரியில் அப்படி வந்திருக்கிறது.

மூன்று விஷயம் சொல்லுங்கள். தடுப்பின் வடிவத்தை வரைபடத்திலிருந்து எடுத்தீர்களா, கிட்டின் உள்சுவரிலிருந்து எடுத்தீர்களா? எடுத்தது ஸ்டிரிங்கர் ஒட்டுவதற்கு முன்பா, பின்பா? ஸ்டிரிங்கர் எவ்வளவு தடிமன்?

அப்புறம் ஒரு சோதனை. வீட்டில் கண் மை இருக்கும். டப்பாவில் வரும் பழைய வகை மை நல்லது, நெய்ப்பசை இருக்கும். தடுப்பின் ஓரம் முழுக்க விரல் நுனியால் மெல்லியதாகத் தடவுங்கள். பாதிகளை அழுத்தாமல் சேர்த்துப் பிடித்துவிட்டு உடனே பிரியுங்கள். எங்கே முட்டுகிறதோ அங்கே மட்டும் உள்சுவரில் கறுப்பு ஒட்டியிருக்கும். அதைப் பார்க்காமல் ஒரு மில்லிகூடத் தேய்க்காதீர்கள்.

குறுந்தூரிகை:

நான் வேறு மாதிரி சொல்வேன். பிரச்சினை கிட்டின் சுவர்தான். பிளாஸ்டிக் 1.6 மி.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 48-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 77 மி.மீ. நிஜ விமானத்தின் தகடு சில இடங்களில் ஒரு மில்லிகூட இருக்காது. ஆக, நாம் செய்யும் எந்த அறையும் உண்மையைவிடக் குறுகலாகத்தான் இருந்தாக வேண்டும். சின்ன டிரில் மெஷினில் உருண்டைக் கடைசல் முனையைப் போட்டு உள்சுவரை 0.8 வரை சீவிவிடுங்கள். இடமும் கிடைக்கும், குமிழ் திறப்பின் ஓரமும் மெல்லியதாகத் தெரியும். வேகத்தைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் உருகி முனையில் சுற்றிக்கொள்ளும்.

மரத்தச்சன்:

வேலை தொடங்கும்போது என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. இவர் சுவரில் சட்டம், ஒயர் எல்லாம் ஒட்டி பெயின்ட் அடித்துவிட்டார். இப்போது சீவினால் மூன்று மாதமும் போச்சு. திறப்பின் ஓரத்தை மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு, ஒரு 3 மி.மீ. அகலத்துக்குச் சரிவாகச் சீவலாம். அது போதும்.

ஏரிக்கரை:

ரப்பர் பேண்டை எடுத்துவிட்டேன் ஐயா. பதில்கள்: வடிவம் கிட்டின் உள்சுவரிலிருந்து அட்டை வெட்டி எடுத்தது. ஆனால் ஸ்டிரிங்கர் ஒட்டுவதற்கு முன்பே எடுத்துவிட்டேன். ஸ்டிரிங்கர் 0.75 மி.மீ. எழுதும்போதே புரிகிறது, இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை மில்லி!

மை சோதனையும் செய்தேன், அம்மாவின் டப்பாவிலிருந்து. இடது பக்கம் நான்கு புள்ளி, வலது பக்கம் நான்கு புள்ளி, ஒவ்வொன்றும் சரியாக ஒரு ஸ்டிரிங்கரின் மேல். அவை போக, மேல் மூலைகள் இரண்டிலும் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கறுப்புக் கோடு. அங்கே ஸ்டிரிங்கரே இல்லை, வெறும் சுவர். அது ஏன் முட்டுகிறது?

மரத்தச்சன்:

அருமை. ஒன்றரை மில்லிக்குக் கணக்கு வந்துவிட்டது. மீதி அரை மில்லி அந்த மேல் மூலையில் இருக்கிறது.

தரையை இரண்டு ஷீட் ஒட்டிச் செய்தேன் என்றீர்கள். நீர்போல ஓடும் பசையைத் தாராளமாக விட்டிருப்பீர்கள். நடுவில் மாட்டிக்கொண்ட பசை ஆவியாக வழியில்லாமல் பிளாஸ்டிக்கை உள்ளிருந்தே இளக்கிக்கொண்டிருக்கும். ஷீட் நாலு நாளில் மெதுவாக வளையும். ஒரு இரும்பு ஸ்கேலைத் தரையின் மேல் நீளவாக்கில் நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். நடுவில் மேடாகி இரண்டு முனையிலும் வெளிச்சம் தெரிந்தால் தரை முதுகு வளைத்திருக்கிறது. தடுப்பு அந்த மேட்டின் மேல் நின்றால் அரை மில்லி உயர்ந்திருக்கும். கேட்டலினாவின் உடல் மேலே போகப் போக உள்ளே வளைகிறது, பெரிய தடுப்பு குறுகிய இடத்துக்குப் போய் முட்டுகிறது. அகலம் கூடியதால் வந்தது அல்ல, உயரம் கூடியதால் வந்தது.

இப்போது செய்ய வேண்டியது. தடுப்பைத் தொட வேண்டாம். ஸ்டிரிங்கரை வெட்டுங்கள். தடுப்பு நிற்கும் இடத்தில் ஒவ்வொரு ஸ்டிரிங்கரிலும் 1.2 மி.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்துவிட்டால் தடுப்பு அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும். புதிய பிளேடால் இரண்டு கீறல், நடுத்துண்டை உளி முனையால் நெம்பினால் வந்துவிடும். வெட்டிய இடம் தடுப்பின் பின்னால் மறைந்துவிடும். நிஜத்திலும் அந்தத் தடுப்புகள் நீர் புகாத கதவு வைத்தவை. படகின் ஒரு அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகள் மிதக்க வேண்டும் அல்லவா? சுவரோடு ஒட்டி நிற்பதுதான் பொருத்தம்.

தரைக்கு: அடிப்பக்கத்தில் குறுக்காக 5 மி.மீ.க்கு ஒரு கோடு, மேல் ஷீட்டைத் தொடாமல் பாதி ஆழத்துக்குக் கீறுங்கள். கோடுகளுக்கு நடுவே ஊசித் துளைகள் போடுங்கள், அடைபட்ட பசை அதன் வழியாக வெளியேறட்டும். கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து, மேலே கனமாக ஏதாவது வைத்து ஒரு வாரம் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் என்றால் ஒரு வாரம், மூன்றாம் நாள் எடுத்துப் பார்க்கக் கூடாது. பிறகு அடியில் 1 மி.மீ. கனத்தில் இரண்டு நீளப் பட்டைகளை ஒட்டினால் திரும்ப வளையாது. பட்டைக்கு இடம் வேண்டும், தரை உட்காரும் தாங்கிகளை அதே அளவு குறைத்துவிடுங்கள்.

திருமலைக்கடல்:

அண்ணை, அந்த வெள்ளைப் படலம் சூப்பர் க்ளூவின் புகை. மூடிய இடத்தில் அந்தப் பசை காயும்போது ஆவி கிளம்பிக் கண்ணாடியில் படியும். கண்ணாடி இருக்கிற அறைக்குள்ளே அதைப் பாவிக்கவே வேண்டாம். பாவித்துத்தான் ஆக வேண்டுமென்றால், குமிழை ஒட்ட முதலே ஒட்டி, ஒரு இரவு முழுக்கத் திறந்து வையுங்கோ. குமிழுக்கு வெள்ளை ஃபெவிகால் போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், பிழைத்தால் ஈரப் பஞ்சால் துடைத்து எடுக்கலாம்.

படிந்ததற்கு வைத்தியம்: குமிழை வெளியே எடுத்து, தெளிவான அக்ரிலிக் பளபளப்புப் பூச்சில் ஒருக்கால் முக்கி, ஓரத்தை டிஷ்யூவில் தொட்டு வடித்து, தூசி படாமல் மூடி வையுங்கோ. மெல்லிய படலம் என்றால் அதிலேயே மறைந்துவிடும். போகாவிட்டால் 2000 நம்பர் உப்புத்தாளை ஈரமாக்கித் தேய்த்து, பிறகு பாலிஷ் போட்டு, திரும்ப முக்க வேண்டும்.

கேட்டலினா என்றதும் எனக்கும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1942 ஏப்ரல் 4 அன்று எங்கட கொக்கலை ஏரியிலிருந்து போன ஒரு கேட்டலினாதான் ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டது. ஓட்டியவர் கனடாக்காரர், லெனார்ட் பர்ச்சால். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்திவிட்டார்கள். அடுத்த நாள்தான் கொழும்பில் குண்டு விழுந்தது. நீங்கள் செய்கிற அந்தக் குமிழ் அறைக்குள் இருந்து மணிக்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நினைத்தால், ஒயர் ஒவ்வொன்றையும் வடிவாக வைக்கத்தான் வேண்டும்.

குறுந்தூரிகை:

குமிழைப் பற்றி ஒரு வார்த்தை. நிஜத்தில் அதன் ஒரு பகுதி சுழன்று இன்னொரு பகுதிக்குள் போகும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஓடு மாதிரி. கிட்டின் கண்ணாடித் தடிமனில் அது நடக்காது. குமிழின் உள்ளே லேசாக எண்ணெய் தடவி எம்-சீல் அடைத்து, கெட்டியானதும் எடுத்து, நன்றாகத் தேய்த்து மெருகேற்றுங்கள். அதுதான் அச்சு. ஒரு மரப் பலகையில் அச்சைவிடச் சற்றே பெரிய ஓட்டை வெட்டி, அதன்மேல் மெல்லிய தெளிவான பெட் (PET) பிளாஸ்டிக் ஷீட்டைக் குண்டூசியால் பொருத்தி, சூடான தட்டுக்கு மேலே காட்டுங்கள். ஷீட் தளர்ந்து தொய்யும் நேரத்தில் அச்சின் மேல் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். எனக்கு ஐந்தாவது தடவைதான் நன்றாக வந்தது.

ஏரிக்கரை:

பத்து நாள் கழித்து வருகிறேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், ஐயா சொன்னது போலவே தரை நடுவில் மேடு. கீறித் துளை போட்டு, கண்ணாடி மேல் வைத்து, அதன்மேல் அம்மியின் குழவியை ஏற்றி ஒரு வாரம் விட்டேன். எடுத்தபோது ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சமே இல்லை.

ஸ்டிரிங்கர் எட்டையும் வெட்டிவிட்டேன். ஒரு இடத்தில் பிளேடு வழுக்கிச் சட்டத்தின் பெயின்ட் போனது, தொட்டு அடித்துச் சரி செய்துவிட்டேன். வலது பக்கக் குண்டுப் பெட்டி தடுப்போடு இடித்தது. சூப்பர் க்ளூவில் ஒட்டியிருந்ததால் எடுக்கத் தயங்கினேன்.

மரத்தச்சன்:

சூப்பர் க்ளூ என்றால் எளிது. அந்தப் பாதியை ஒரு பாலித்தீன் உறையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். குளிரில் பசை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். எடுத்த உடனே பெட்டியைப் பக்கவாட்டில் லேசாகத் திருகினால் தெறித்து வரும், கையால் மறைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பசையில் ஒட்டியதற்கு இது உதவாது. அது ஒட்டு அல்ல, இரண்டும் உருகி ஒன்றாகிவிட்டது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

உள்ளே என்ன பச்சை அடித்தீர்கள்?

ஏரிக்கரை:

பெட்டி வந்துவிட்டது, 2 மி.மீ. பின்னால் தள்ளி வைத்துவிட்டேன்.

அடித்தது இன்டீரியர் கிரீன்தான், மூடினால் உள்ளே ஒன்றுமே தெரியாத அளவுக்கு இருட்டாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

குறுந்தூரிகை:

நிஜத்தில் அந்தப் பச்சையே மஞ்சள் கலந்த ஜிங்க் குரோமேட் பிரைமரில் கறுப்பைக் கலந்து வந்ததுதான். நீங்கள் எதிர்த்திசையில் போங்கள். அதே பச்சையில் மஞ்சளும் வெள்ளையும் கலந்து, சட்டங்களின் மேல் விளிம்பிலும் தரையின் நடுவிலும் உலர் தூரிகையால் தொட்டுவிடுங்கள். திறப்புக்கு நேராக வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும். எந்த விமானத்தைச் செய்கிறீர்களோ அதன் புகைப்படத்தை வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி வகையும் காலத்துக்குக் காலம் மாறியது, அதையும் படத்தில் பார்த்தே முடிவு செய்யுங்கள். குழலுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி நன்றாகப் பொருந்தும்.

ஏரிக்கரை:

வெளிச்சம் கொடுத்துவிட்டேன், இப்போது கதவு வழியாக முன்னறையின் படுக்கைச் சட்டம் வரை தெரிகிறது. இடது குமிழுக்குப் புதிய ஓடு நான்காவது முயற்சியில் வந்தது. வலது குமிழின் படலம் ஒரே முக்கில் போய்விட்டது, அண்ணைக்கு நன்றி.

நேற்று இரவு கடைசியாக மறுபடி மை தடவிச் சேர்த்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் ஒரு புள்ளி இல்லை. பாதிகளை மேஜை மேல் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தேன். ரப்பர் பேண்ட் இல்லாமலே முதுகுக் கோடு முழுக்க மூடி நின்றது. பசை நாளைக் காலை, ஜன்னலைத் திறந்து வைத்து.