ஜன்னல் மேலே ஓட்டை போடும்போது நின்றுபோன கார்ட்லெஸ் ட்ரில்: பிரஷ்லெஸ்ஸுக்கு மாறணுமா?

மதுரை மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். நான்கு வருடத்துக்கு முன் 12 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில் ஒன்று வாங்கினேன். பிரஷ் மோட்டார் (உள்ளே கார்பன் துண்டு உரசி ஓடுவது), ஹேமர் உண்டு, இரண்டு பேட்டரி கொடுத்தார்கள். ஒரு பேட்டரி போன வருடமே போய்விட்டது. வேலையெல்லாம் வீட்டு வேலைதான். கீல் முடுக்குவது, படம் மாட்டுவது, கட்டில் கழற்றிப் பூட்டுவது. மாதத்துக்கு ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரீன் கம்பி மாட்டலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். ஜன்னல் சட்டத்துக்கு நான்கு அங்குலம் மேலே குறி வைத்து 6 மி.மீ. பிட்டை விட்டேன். முதல் அரை அங்குலம் சரசரவென்று இறங்கியது. அதோடு சரி. அழுத்தினால் ஒரு முனகல், அப்புறம் நின்றுவிடும். விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால் இரண்டு சுற்று, மறுபடி முனகல். நாலைந்து தடவை இப்படிப் போராடியதில் கருகிய வாடை வந்துவிட்டது. காற்றோட்டத் துளை வழியாக நீலப் பொறி வேறு தெரிகிறது. கையில் வைத்து வெறுமனே ஓட்டினால் பழைய மாதிரியே நன்றாக ஓடுகிறது.

கடையில் கேட்டேன். "பிரஷ் மிஷின் சுவருக்கு ஆகாது சார், பிரஷ்லெஸ்ஸா எடுத்துக்கங்க" என்றார். இரண்டுக்கும் நாலாயிரம் ரூபாய் வித்தியாசம். என் மிஷின் செத்துவிட்டதா? கார்பன் மாற்றினால் சரியாகுமா? அந்த நாலாயிரம் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பைக் பிரியன்:

யோசிக்காம பிரஷ்லெஸ் எடுங்க ப்ரோ. பிரஷ் மோட்டார்ல டார்க்கே, அதாவது முறுக்கு விசையே கிடையாது. காலம் மாறிப்போச்சு.

கிச்சன் ஃபிட்டர்:

தம்பி, டார்க் இல்லை என்று யார் சொன்னது? ஒரே கம்பெனியின் இரண்டு 18 வோல்ட் மிஷினை எடுத்துப் பாருங்கள். பாஷ் ஜிஎஸ்பி 180-எல்ஐ பிரஷ் மோட்டார். அதில் போட்டிருப்பது 54 நியூட்டன் மீட்டர். ஜிஎஸ்பி 18வி-50 பிரஷ்லெஸ், அதற்கு 50. பிரஷ் வைத்ததுதான் நான்கு தூக்கல். ஆனால் அது கெட்டியான இடத்தில் ஸ்க்ரூ முட்டி நிற்கும்போது ஒரு நொடி கிடைக்கும் கணக்கு. மரத்தில் தொடர்ந்து முடுக்குகிற கணக்கு பார்த்தால் பிரஷ் 21, பிரஷ்லெஸ் 28. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கிற நம்பரை மட்டும் பார்த்து முடிவு செய்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.

மதுரை சார், உங்களிடம் ஒரே கேள்வி. ஓட்டையிலிருந்து விழுந்த தூள் என்ன நிறம்?

மதுரை மாடிவீடு:

முதலில் வெள்ளையும் சாம்பலும் கலந்து வந்தது. அப்புறம் சாம்பல் மட்டும், மாவு மாதிரி. அதையா கவனிக்க வேண்டும்?

கிச்சன் ஃபிட்டர்:

அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் மாவு வந்து பிட் நின்றால் காங்கிரீட். பளபளவென்று இரும்புத் துருவல் வந்தால் கம்பியில் முட்டிவிட்டீர்கள், அந்த ஓட்டையை விட்டுவிட வேண்டியதுதான்.

நீங்கள் துளைத்தது லிண்டலை. நம் ஊர் வீடுகளில் ஏழடி உயரத்தில், கதவு ஜன்னல் தலைக்கு மேலே, பெரும்பாலும் ஆறு அங்குலம் கனத்தில் ஒரு காங்கிரீட் பட்டை ஓடும். பல வீடுகளில் ஜன்னல் அகலத்தோடு நிற்காமல் சுவர் முழுக்கவே சுற்றி வரும். ஸ்க்ரீன் கம்பிக் கிளாம்பை எல்லாரும் சட்டத்துக்கு மூன்று, நான்கு அங்குலம் மேலேதான் வைப்பார்கள். நட்ட நடு லிண்டல். அரை அங்குலம் பூச்சு இருந்தது, அதுதான் சரசரவென்று இறங்கியிருக்கிறது.

உங்கள் ட்ரில்லில் இருக்கும் ஹேமர் என்பது பல் வைத்த இரண்டு தட்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குவது. அடியின் பலம் நீங்கள் அழுத்துகிற அழுத்தத்தில்தான் இருக்கிறது. ஸ்டூல் மேல் நின்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எவ்வளவுதான் அழுத்த முடியும்? காங்கிரீட்டுக்கு ரோட்டரி ஹேமர் வேண்டும். எஸ்டிஎஸ் பிளஸ் என்கிற, காடி வெட்டிய தண்டுள்ள பிட் போடுவது. உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்கும், நாம் பிடித்துக்கொண்டால் போதும்.

கடைக்காரர் சொன்னதற்கு ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் தினமும் தளத்திலும் தூணிலும் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிற வயர் வைத்த ரோட்டரி ஹேமர் முக்கால்வாசி கார்பன் பிரஷ் மோட்டார்தான். பிரஷ் சுவருக்கு ஆகாது என்றால் என் பிழைப்பு என்றைக்கோ நின்றிருக்கும்.

காயில் கடை, கோவை:

ஃபிட்டர் அண்ணன் சொன்னது சரி. மோட்டார் பக்கத்தை நான் சொல்கிறேன், இருபது வருடமாகக் காயில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மிஷினில் நடுவில் சுற்றுவது ஆர்மேச்சர். அதன் ஒரு முனையில் செம்புப் பட்டைகள் வரிசையாக, நடுநடுவே இடைவெளி விட்டு இருக்கும். அதுதான் கம்யூட்டேட்டர். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்து இரண்டு கார்பன் துண்டு அதன் மேல் உரசிக்கொண்டே இருக்கும். கரண்ட் அந்த உரசல் வழியாகத்தான் காயிலுக்குள் போகிறது. உரசுவதால் சூடு, பொறி, கறுப்புத் தூள். கார்பனும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

பிரஷ்லெஸ்ஸில் இது தலைகீழ். காந்தம் நடுவில் சுற்றும், காயில் வெளியே அசையாமல் நிற்கும். எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் விடுவது என்பதை ஒரு போர்டு பார்த்துக்கொள்ளும். கார்பன் செய்த வேலையைப் போர்டு செய்கிறது, அவ்வளவுதான். உரசல் இல்லாததால் அதே பேட்டரியில் கூடுதலாக ஓடும், மிஷினும் குட்டையாக இருக்கும். பெட்டியில் "50 சதவீதம் வரை கூடுதல்" என்று போட்டிருப்பார்கள். அந்த "வரை" என்ற வார்த்தையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

பொறியைப் பற்றி. ஓடும்போது கார்பன் அடியில் சின்னதாக நீலமாகத் தெரிந்தால் அது இயல்பு. டிரிகரை விட்டதும் ஒரு பளிச் வந்தாலும் பயப்படாதீர்கள். பிட்டைப் பிடித்திருக்கும் சக் உடனே நிற்பதற்காக மோட்டாரை ஷார்ட் செய்து பிரேக் போடுகிறது, அதன் பொறி. கம்யூட்டேட்டரைச் சுற்றி மஞ்சளாக வளையம் மாதிரி நெருப்பு ஓடினால்தான் தகராறு. இருட்டு அறையில் வெறுமனே ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

கருகிய வாடை வந்தது மோட்டார் சுற்றாமல் நின்றபோது. சுற்றாத மோட்டார்தான் அதிகக் கரண்ட் இழுக்கும், காயில் மேல் பூசிய வார்னிஷ் சூடாகி வாடை வரும். ஒரு தடவை வாடை வந்தால் மோட்டார் போய்விட்டது என்று இல்லை. ஆனால் நின்ற பிறகும் டிரிகரை விடாமல் பிடித்திருந்தால் போய்விடும். இந்த இடத்தில் பிரஷ்லெஸ்ஸுக்கு ஒரு மார்க் கொடுக்கலாம். நல்ல மிஷின் என்றால் போர்டே கரண்டை வெட்டிவிடும்.

கார்பன் மாற்றுவது: மிஷின் இடுப்பில் இரண்டு பக்கமும் கறுப்பு மூடி, ஸ்க்ரூ டிரைவர் விடும் பள்ளத்தோடு இருந்தால் நீங்களே மாற்றலாம். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் மரத்துக்குத் தேய்க்கும் மெல்லிய உப்புத் தாளால் லேசாகத் தேய்க்கலாம். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் பட்டைக்கு நடுவில் தங்கி ஷார்ட் ஆக்கும். மூடியே இல்லை என்றால் கார்பன் மோட்டார் டப்பாவுக்குள் அடைத்து வந்திருக்கிறது. சின்ன 12 வோல்ட் மிஷினில் பெரும்பாலும் இப்படித்தான், மோட்டாரை முழுதாக மாற்ற வேண்டும். அதற்குக் காயில் கட்டுங்கள் என்று என்னிடம் கொண்டுவராதீர்கள், கூலிக்குப் புது மோட்டாரே வரும்.

பைக் பிரியன்:

அப்போ பிரஷ்லெஸ் ரிப்பேரே ஆகாதா அண்ணே?

காயில் கடை, கோவை:

ஆகும். கார்பன் போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போகும்: விட்டு விட்டு ஓடும், பொறி கூடும், ஒரு தட்டுத் தட்டினால் ஓடும். போர்டு சொல்லாமல் போகும். நிறைய மாடலில் சுவிட்ச், போர்டு, காயில் மூன்றும் ஒரே செட்டாகத்தான் கிடைக்கும். விலையைக் கேட்டதும் பாதிப் பேர் மிஷினை என்னிடமே விட்டுவிட்டுப் போகிறார்கள். மேசைக்கு அடியில் ஒரு சாக்கு நிறைய இருக்கிறது.

டொரொண்டோ பேஸ்மென்ட்:

நான் இங்கே எட்டு வருடமாகப் பிரஷ் வைத்த 12 வோல்ட் ட்ரில்தான் வைத்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. ஆனால் இங்கே உட்சுவர் மரச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. துளைக்க அதிகம் சிரமம் இல்லை. நான் சொல்வதை மதுரைச் சுவருக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோடையில் பின்கட்டில் மரத் தளம் போட்டபோது மட்டும் மாட்டிக்கொண்டேன். நூற்றுக்கணக்கில் நீள ஸ்க்ரூ, ஒன்றன் பின் ஒன்றாக. அரை மணியில் மிஷினைப் பிடிக்க முடியாத சூடு. அதற்குப் பிரஷ்லெஸ் இம்பாக்ட் டிரைவர் (ஸ்க்ரூவைத் தட்டித் தட்டி முடுக்கும் மிஷின்) ஒன்று வாங்கினேன். அதே அளவு பேட்டரியில் எவ்வளவோ கூடுதல் ஸ்க்ரூ போயிற்று.

இன்னொன்று. 20 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 18 வோல்ட்டை விடப் பெரிது என்று நினைக்காதீர்கள். உள்ளே ஐந்து செல். முழு சார்ஜில் ஒன்று 4.2 வோல்ட், மொத்தம் 21. சராசரியாக 3.6, மொத்தம் 18. டிவால்ட் இங்கே 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்பதைத்தான் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்கிறது. பெயரில்லாத மிஷினில் 48, 88 என்றெல்லாம் ஒட்டியிருப்பார்கள். செல்லை எண்ணுங்கள், ஸ்டிக்கரை விடுங்கள்.

மொட்டைமாடி மரவேலை:

ஒரு பெண் பதில் போட்டால் "அண்ணா" என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அக்கா.

மோட்டாரைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டீர்கள். அவர் மாதம் ஒரு மணி நேரம் ஓட்டுகிறார். வருடத்துக்குப் பன்னிரண்டு மணி. இந்த வேகத்தில் கார்பன் தேய்வதற்குள் பேட்டரி இரண்டு தடவை செத்துவிடும். ஏற்கெனவே ஒன்று செத்தாயிற்று. லித்தியம் பேட்டரி ஓட்டாமல் வைத்திருந்தாலும் வயதாகும், சூட்டில் இன்னும் சீக்கிரம். மிஷினைப் பரணில், கூரைக்கு அடியில் வைத்திருக்கிறீர்களா? மதுரை வெயிலில் அங்கே சித்திரை மாதம் கை வைக்க முடியாது. பாதி சார்ஜில், கீழே அலமாரியில் வையுங்கள்.

ஒரு சோதனை: காலியான பேட்டரியை சார்ஜரில் போட்டு எத்தனை நிமிடத்தில் பச்சை வருகிறது என்று பாருங்கள். புதிதில் ஒரு மணி நேரம் எடுத்தது இப்போது இருபது நிமிடத்தில் முடிந்தால் அது வேகம் இல்லை, உள்ளே இடமே இல்லை. இந்த மாதிரிப் பேட்டரி வெறுமனே ஓட்டினால் நன்றாக ஓடும், கொஞ்சம் பாரம் விழுந்ததும் படுத்துவிடும்.

நாலாயிரத்தை எங்கே கொடுக்கலாம் என்றால், ஆங்கிள் கிரைண்டர், வட்ட ரம்பம். பாரம் விடாமல் விழுகிற மிஷின்கள் இவை. என் பிரஷ் கிரைண்டர் பேட்டரியைக் குடிக்கிற குடியைப் பார்த்த பிறகு அதை மட்டும் பிரஷ்லெஸ்ஸாக மாற்றினேன். ட்ரில் பழையதுதான். மாற்றும்போது ஒரே பேட்டரி வரிசையில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டேன். அடுத்த மிஷினைப் பேட்டரி இல்லாமல் வெறும் மிஷினாக வாங்கலாம் இல்லையா, அங்கே மிச்சமாகும் காசு பிரஷ் வித்தியாசத்தை விடப் பெரியது.

மதுரை மாடிவீடு:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து வருகிறேன்.

இருட்டில் ஓட்டிப் பார்த்தேன். சின்ன நீலப் பொறி, டிரிகரை விட்டதும் ஒரு பளிச். மஞ்சள் வளையம் இல்லை. இடுப்பில் மூடியும் இல்லை. சார்ஜ் போட்டுக் கடிகாரம் பார்த்தேன், பதினெட்டு நிமிடத்தில் பச்சை! அக்கா, பரணில்தான் வைத்திருந்தேன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை.

கிளாம்பை எட்டு அங்குலத்துக்கு ஏற்றிக் குறி வைத்தேன். அதே மிஷின், அதே பேட்டரி, புது பிட். சிவப்புத் தூள் கொட்டியது. நான்கு ஓட்டை முடிந்ததும் பேட்டரி படுத்துவிட்டது, ஆனால் ஓட்டை முடிந்தது. ஸ்க்ரீன் கொஞ்சம் மேலே ஏறியதில் கீழே நான்கு அங்குலம் குறைகிறது. வீட்டில் அதற்குப் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். லிண்டலில் போட்ட அரை அங்குல ஓட்டையைப் புட்டி வைத்து அடைத்துவிட்டேன்.

ட்ரில் மாற்றவில்லை. பேட்டரி மட்டும் ஒன்று சொல்லியிருக்கிறேன். ஹாலில் பீமில் ஊஞ்சல் கொக்கி மாட்ட வேண்டும், அதற்கு எதிர்வீட்டுப் பிளம்பரிடம் ரோட்டரி ஹேமர் கேட்டிருக்கிறேன்.

கிச்சன் ஃபிட்டர்:

ஊஞ்சலா? கொஞ்சம் நில்லுங்கள். ஸ்க்ரீன் கம்பி மாதிரி பிளாஸ்டிக் பிளக்கில் மாட்டிவிடாதீர்கள். ஆள் உட்காரும் பாரம், அதுவும் ஆடுகிற பாரம். இரும்பு ஆங்கர் போல்ட் வேண்டும், பீமின் அடியில் கம்பி நெருக்கமாக இருக்கும், பக்கவாட்டில் போட முடியுமா என்று பார்க்க வேண்டும். போட்டோ எடுத்துத் தனி இழையாகப் போடுங்கள். அதுவரைக்கும் பிளம்பரிடம் மிஷினை வாங்காதீர்கள்.

மதுரை மாடிவீடு:

சரிங்கண்ணே. இன்று சாயங்காலம் போட்டோ போடுகிறேன்.