போட்டோலயேஸ்: வெட்டுவதா, அவிழ்ப்பதா?

அன்புடையீர்,

வெயிலுக்குப் பூசும் கிறீம் ஒன்றின் துண்டுப்பிரசுரத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கி, வெள்ளவத்தையிலுள்ள அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியுள்ளது. சிங்களப் பகுதி முடிந்துவிட்டது. தமிழ் மட்டும் ‘போட்டோலயேஸ்’ என்ற இடத்தில் நிற்கிறது. கழியூதாக் கதிர் பட்டுப் பழுதான டீ.என்.ஏ.யைச் சீராக்கும் நொதியம் அது. ‘ஒளிவெட்டு நொதியம்’ என எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

— மொழிபெயர்ப்பாளர்

அன்பின் தங்கைக்கு,

பொருந்தாது. மின்வெட்டில் வெந்த கொழும்புக்காரர் அதை எப்படிப் படிப்பார் என்பது ஒருபுறமிருக்க, வெட்டு என்பதே பிழை. கழியூதா, டீ.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள இரு தைமின்களை (டீ.என்.ஏ.யின் நான்கு ‘எழுத்துகளில்’ ஒன்று) ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. மனித உடல் அந்த இடத்தைச் சுற்றி ஏறத்தாழ 30 நியூக்கிளியோதைட்டுகள் (இழையின் அலகுகள்) கொண்ட துண்டையே வெட்டியெறிந்து புதிதாக நிரப்புகிறது. வெட்டு அங்கேதான் நடக்கிறது. பற்றீரியாவிலும் கங்காருவிலும் இருந்தும் நம்மிடம் இல்லாத இந்த நொதியமோ, நீல ஒளியை வாங்கி அந்தப் பிணைப்பை மட்டும் விடுவிக்கிறது; இழையில் கைவைப்பதில்லை. சங்கப் பாடல்களில் மொட்டு கட்டுவிடுவதைப் ‘பிணியவிழ்’ என்பார்கள். பிணி கட்டும்தான், நோயும்தான். பள்ளி இரசாயனத்தின் ‘பிணைப்பு’ம் அதன் உறவுதான். ஆகவே ‘பிணியவிழ் நொதியம்’ என்பேன்.

— உயிரியல் ஆசிரியர், கொட்டாஞ்சேனை

ஐயா,

‘அவிழ்’ தன்வினைக்கும் பிறவினைக்கும் பொது. வினைத்தொகையாக்கினால் நொதியமே அவிழ்ந்து போவதாகவும் படிக்கலாம். மொட்டு தானாக அவிழும், தைமின் அவிழாது. அதைவிட, மருந்துக்கடை மேசையில் ‘பிணி’ என்றால் நோய் மட்டுமே. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், இந்த நொதியத்தைப் பூசி ஒளி காட்டிய பின்னரும் அத்தகைய பிணைப்புகளில் 40 முதல் 45 சதவீதம் வரையே குறைந்தன. பிணி தீர்ந்ததென நம்பி ஒருவர் குடையையும் விட்டு, வழமையான வெயில் கிறீமையும் விட்டுவிட்டால் பழி சொல்லுக்குத்தான். ‘போட்டோலயேஸ்’ என்றே விடுங்கள்.

— மருந்தாளர், பம்பலப்பிட்டி

அன்புடையீர்,

‘போட்டோலயேஸ் என்னும், ஒளியின் துணையால் பிணைப்பை அவிழ்க்கும் நொதியம்’ என்று அனுப்பிவிட்டேன். ‘நொதியம்’, ‘கழியூதா’ ஆகியவற்றுக்குப் பதிலாகத் தமிழக அன்பர் ஒருவர் கேட்ட ‘நொதி’, ‘புறஊதா’ ஆகியவற்றை எங்கள் பாடநூல் வழக்கை முன்னிட்டு ஏற்கவில்லை, பொறுத்தருள்க.

— மொழிபெயர்ப்பாளர்

தங்கைக்கு,

ஏழு சொல்லில் ஒரு சொல்! திங்கட்கிழமை என் வகுப்புக் கரும்பலகையில் ‘பிணியவிழ்’ என்றுதான் இருக்கும்.