லாக்கப்பின் சாவியும் கேமராவும் யார் பொறுப்பில் இருக்க வேண்டும்?

கரிசல்வாசி:
காவலில் இருப்பவரைப் பாதுகாக்க, இருக்கிற விதிகளே போதும் என்று பலரும் சொல்கிறார்கள். காவல் மரணங்கள் தொடர்பான டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகளைப் பிறப்பித்தது. கைதுக் குறிப்பாணையில் சாட்சியின் கையொப்பமும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் அவற்றில் உண்டு. 2020 டிசம்பரில் அதே நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதியும் கேமராக்களைப் பொருத்தி, பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது. ஆனால் பதிவேடும் கேமராவும் கைது செய்தவர்களின் கையிலேயே இருக்கின்றன. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபின் விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
நானும் காவல் நிலையத்தில் எழுத்தராக இருந்தவன்தான். ஒரு நிலையத்தை வைத்து எல்லோரையும் எடைபோடாதீர்கள். லாக்கப்பில் அடைக்கும்முன் பெல்ட்டையும் அரைஞாண் கயிற்றையும் கழற்றி வாங்குகிறோமே, அது அவருடைய உயிருக்காகத்தான். நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவருக்குத் திடீரெனக் குடி நின்றால் நள்ளிரவில் வலிப்பு வரலாம். அந்த நேரத்தில் வாசலையும் லாக்கப்பையும் தொலைபேசியையும் ஒரே பாரா காவலர்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஆளைக் கொடுக்காமல் விதியை மட்டும் கூட்டிப் பயனில்லை.

வழக்கறிஞர் வாசுகி:
ஆள் பற்றாக்குறை உண்மைதான், ஐயா. ஆனால் கழிப்பறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் கைதானவர்களாகவே இருப்பதற்கு அது விளக்கமாகாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு, காயங்களைக் குறித்த மருத்துவ அறிக்கையின் நகலைக் கைதானவருக்குக் கொடுக்கச் சொல்கிறது. அடித்தவரே பக்கத்தில் நிற்கும்போது மருத்துவரிடம் யார் வாயைத் திறப்பார்? சாத்தான்குளத்து இருவரும் மருத்துவச் சான்றோடுதான் ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச்சிறைக்குப் போனார்கள்.

கரிசல்வாசி:
அதனால்தான் பொறுப்பைப் பிரிக்கச் சொல்கிறேன். காவல்துறையின் அதிகாரங்களைப் பற்றிய இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கைப் புலனாய்வு செய்யாத ஓர் அதிகாரியிடம்தான் காவலில் உள்ளவரின் பொறுப்பு இருக்கும்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
சிறிய நிலையத்தில் அப்படி ஒரு தனி அதிகாரிக்கு எங்கே போவது?

கரிசல்வாசி:
எல்லா நிலையங்களிலும் வேண்டியதில்லை. அங்கேயும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வைத்திருக்க வேண்டுமானால், பொதுவாக அதற்கென ஒதுக்கப்பட்ட நிலையத்துக்கே கொண்டுபோகிறார்கள். இங்கே சில நிலையங்கள் சேர்ந்த காவல் உட்கோட்டத்துக்கு ஒன்று இருந்தால் போதும்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
இரவோடிரவாக வேறு ஊருக்குக் கொண்டுபோனால், தேடி வரும் குடும்பம் பதறிப்போகும். அந்தப் பழியும் எங்கள் தலையில்தான் விழும்.

கரிசல்வாசி:
கைதானவரின் விவரத்தை 12 மணி நேரத்துக்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்து, அங்குள்ள அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும் என்று பாசு தீர்ப்பிலேயே இருக்கிறதே.

வழக்கறிஞர் வாசுகி:
கைது காட்டினால்தானே பலகையில் பெயர் ஏறும்? ‘விசாரணைக்கு’ என்று அழைத்துப்போய், கைது காட்டாமலேயே உட்கார வைக்கப்படுகிறவருக்கு நீங்கள் சொல்லும் தனி அதிகாரியும் பொறுப்பாக மாட்டார். வாசலைத் தாண்டி உள்ளே வரும் ஒவ்வொருவரின் பெயரையும் நேரத்தையும் அந்த அதிகாரியே பதிய வேண்டும் என்பதையும் உங்கள் யோசனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.