பி பிளாக் ஞாயிறு மேஜைப் போர் 🎲

விக்கி, இரவு 8:42
நாளைக்கு நம்ம பொம்மைப் படை ஆட்டத்துல ஆர்பிட்டல் ஸ்ட்ரைக், அதான் விண்கப்பல்லேர்ந்து தரையை அடிக்கிறது, உண்டா இல்லையா? படை வாங்குற பாயின்ட்ல 200க்கு ஒண்ணுன்னு விலை வச்சுட்டா முடிஞ்சுதே

பிரியா அக்கா, 8:44
முடியாது. முதல் டர்ன்லயே எதிராளியோட மூணு டாங்க்கும் காலின்னா 200 கொள்ளை மலிவு. குறி தப்பினா தண்டம். விலை வச்சு இதை அடக்க முடியாது, நேரத்தையும் தூரத்தையும் கட்டணும்

ரமணி அங்கிள், 8:49
கரெக்ட்மா. 400 கி.மீ. உயரத்துல கப்பல் ஒரு சுத்து சுத்த 92 நிமிஷம் ஆகும். நேரா நம்ம தலைக்கு மேலயே போனாலும் அடிவானத்துல ஏறி இறங்க 10 நிமிஷம்தான். அடுத்த சுத்துக்குள்ள பூமி 23 டிகிரி திரும்பிடும். சென்னை மேல போன கப்பல் அடுத்த தடவை 2,500 கி.மீ. மேற்கே, அரபிக்கடல் மேல போயிட்டிருக்கும்

கார்த்திக், 8:50
அந்த 10 நிமிஷத்துல கீழ போட்டா போதாதா அங்கிள்

ரமணி அங்கிள், 8:53
கையை விட்டா விழாதுடா, அதுவும் கப்பல் கூடவே நொடிக்கு 7.7 கி.மீ. வேகத்துல சுத்தும். பிரேக் போடணும். நொடிக்கு 100 மீட்டர் வேகம் குறைச்சா, ஏறக்குறைய பாதி பூமியைச் சுத்தித்தான் தரைக்கு வரும். சென்னைல விழணும்னா பெருவுக்கு மேற்கே பசிபிக் பக்கம் இருக்கும்போதே தள்ளி விடணும். அதுவும் சாய்வா உள்ள வந்தா காத்துலயே வேகம் போயிடும். செங்குத்தா இறக்க இன்னும் நிறைய எரிபொருள் வேணும்

விக்கி, 8:54
ஜியோ ஆர்பிட்ல நிறுத்திட்டா? ஒரே இடத்துல நிக்குமே

ரமணி அங்கிள், 8:55
35,786 கி.மீ. கீழ வர 5 மணி நேரத்துக்கு மேல ஆகும். பந்தி முடிஞ்சு தூங்கியே எழுந்திரிச்சுடலாம்

கார்த்திக், 8:57
ஆனா கப்பல்லேர்ந்து போடுறது டங்ஸ்டன்ங்கிற கன உலோகக் கம்பின்னா அணுகுண்டு மாதிரி அடிக்குமாமே. அதையாவது வெயிட்டா வைங்க

ரமணி அங்கிள், 9:03
கணக்கு போடு. 6.1 மீட்டர் நீளம், 30 செ.மீ. விட்டம், எடை 8.3 டன். மாக் 10ல, அதாவது ஒலியைப் போல 10 மடங்கு, நொடிக்கு 3.4 கி.மீ. வேகத்துல மோதினா 11.5 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். ஹிரோஷிமா 15,000 டன். பங்கரைத் துளைக்கும், ஊரை அழிக்காது. 1967 விண்வெளி ஒப்பந்தம் சுற்றுப்பாதைல அணு ஆயுதம் மாதிரி பேரழிவு ஆயுதங்களைத்தான் தடுக்குது, வெறும் கம்பியை இல்ல

பிரியா அக்கா, 9:06
அப்போ அடி விழுற இடத்தைக் காட்ட 3 இஞ்ச் வட்ட டெம்ப்ளேட் போதும், ஆனா கவசம் கணக்கில்ல. இன்னொண்ணு. நம்ம 28 மி.மீ. பொம்மைக்கு 1:60ன்னு வச்சா 6 அடி மேஜை மொத்தமே 110 மீட்டர். 155 மி.மீ. பீரங்கிக்கே நம்ம ஆளுங்க 600 மீட்டருக்குள்ள இருந்தா ‘டேஞ்சர் க்ளோஸ்’, அதாவது நம்ம ஆளுக்கே அடி படுற தூரம். நியாயமா பாத்தா இந்த மேஜைல யாரும் ஸ்ட்ரைக் கேட்கவே மாட்டாங்க. அதனால டார்கெட் 12 இஞ்சுக்குள்ள சொந்த ஆள் இருந்தா அந்த இடத்தைக் குறிக்கக் கூடாது. குறி பார்த்துச் சொல்ற அப்சர்வர் உயிரோட இருந்தா ஸ்கேட்டர், அதாவது குறி விலகுற தூரம், பாதி

ரமணி அங்கிள், 9:08
அப்சர்வர் வேண்டாம்மா. காத்துக்குள்ள வரும்போது சுத்தி பிளாஸ்மா, ரேடியோ உள்ள போகாது. யார் பார்த்துச் சொன்னாலும் கம்பி கேட்காது

பிரியா அக்கா, 9:14
சரி, எடுத்துட்டேன். இப்படி வச்சுக்கலாம்: ஆளுக்கு ஒரு கம்பி. ஆட்டத்துக்கு முன்னாடியே துண்டுச் சீட்டுல இடத்தை எழுதணும், மேஜையோட ரெண்டு ஓரத்துலேர்ந்தும் எத்தனை இஞ்ச்னு. ‘அந்தக் கட்டடம் பக்கத்துல’ன்னு எழுதினா செல்லாது, அங்கதான் சண்டையே வரும். 3வது டர்ன்லேர்ந்து ஒரு டைஸ், 4 இல்ல அதுக்கு மேல வந்தா விழும். ஸ்கேட்டர் 2 டைஸ்ல விழுற எண் அளவு இஞ்ச். கேன்சல் கிடையாது

விக்கி, 9:15
3வது டர்ன்ல டாங்க் எங்கயோ போயிருக்குமே 😭

பிரியா அக்கா, 9:16
அதான் வேணும். பாலம், பங்கர், லேண்டிங் பேட் எழுது. சுத்திகரிப்பு ஆலையை உடைச்சா அதோட பாயின்ட் யாருக்கும் கிடையாது

கார்த்திக், 9:18
விழுற நேரத்துல என் ஆளுங்களே அங்க நின்னா?

ரமணி அங்கிள், 9:18
நகர்த்தினது யாரு?

பிரியா அக்கா, 9:21
இஞ்ச் டேப் ரெண்டு வேணும். கிளப் ஹவுஸ் சாவி வாட்ச்மேன் அண்ணாகிட்ட இருக்கு, 10 மணி