புதுப்பிப்பு: மண்டபத்திலிருந்து குரங்கு ஆய்வுக்கு

ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர மண்டபத்துக்காரிக்குக் குரங்கு ஆய்வு எதற்கு, கடல் உயிரியல் படி என்று வீட்டில் சொல்வதாக முன்பு இங்கே புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. நீங்கள் பலர் சொன்னபடி மயிலாடுதுறை பக்கத்து மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை சேர்ந்துவிட்டேன். அப்பாவும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்.

விடுமுறையில் அழகர்கோயில் நாட்டுக்குரங்குகளைப் பார்த்துக் குறிப்பெடுத்துப் பழகினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கண்ணில் படும் ஒவ்வொன்றும் தின்கிறதா, நகர்கிறதா, பேன் பார்க்கிறதா என்று எழுத வேண்டும். கேட்க எளிதுதான், ஆனால் முதலில் எல்லாம் ஒரே முகமாகத் தெரியும். அப்புறம் காது கிழிந்த தாய், வால் நுனி இல்லாத கடுவன் என்று அடையாளம் பிடிபட ஆரம்பித்ததும் நேரம் போனதே தெரியவில்லை.

ஆசை என்னவோ வால்பாறைச் சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) மேல்தான். சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடாமலிருக்க அங்கே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், அந்த மாதிரி வேலைதான் எனக்கு வேண்டும். கடலையும் விடவில்லை, எங்கள் கரையோரம் கடற்புல் மேயும் ஆவுளியாவுக்கும் (கடற்பசு) இதே பொறுமையான கவனிப்பு வேண்டும்.

வேலை நிரந்தரமா என்று இங்கே கேட்ட அண்ணனுக்கு: ஆரம்பத்தில் பெரும்பாலும் ஒப்பந்தத் திட்டப்பணிதான், தெரிந்தேதான் போகிறேன்.