பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) டாக்டர் நாற்காலி ஏன் காலியாகிறது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

கீழத்தெரு (திரியைத் தொடங்கியவர்)

"எங்க ஊர் ஆஸ்பத்திரியில டாக்டரே இல்ல" என்று எல்லா ஊரிலும் சொல்கிறோம். அந்த "இல்லை"யில் பல வகை உண்டு. வகை தெரியாமல் மனு கொடுத்தால் மனு மேசை மேசையாகச் சுற்றும், ஆள் வரமாட்டார். பணியிடமே அனுமதிக்கப்படாமல் இருக்கலாம். அனுமதித்தும் நிரப்பாமல் விட்டிருக்கலாம். நிரப்பிய டாக்டரை மாற்றுப்பணியில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம். அவர் மகப்பேறு விடுப்பில் இருக்கலாம், தமிழ்நாட்டில் 2021 முதல் அது 12 மாதம். எம்.டி. படிக்கப் போயிருந்தால் மூன்று வருடம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. துறைக்குள் இருப்பவர்கள், இருந்தவர்கள், உள்ளே எது எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம்.

வட்டார மருத்துவ அலுவலர்

சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. இரண்டு டாக்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் மட்டும் இருந்தால் அவருடைய வாரத்தைப் பாருங்கள். செவ்வாய் கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன் தடுப்பூசி. நடுவில் மாவட்டத் தலைநகரில் ஆய்வுக் கூட்டம், பழைய காயச் சான்றிதழுக்காகக் கோர்ட் சம்மன், பள்ளிப் பரிசோதனை, முகாம், வி.ஐ.பி. வந்தால் கான்வாய் டியூட்டி. இவற்றில் எது வந்தாலும் அன்றைய ஓ.பி. (வெளிநோயாளிகள் பிரிவு) நர்ஸ் தலையில். ஊர்க்காரர்கள் டாக்டர் வரவில்லை என்பார்கள், பதிவேட்டில் அவர் பணியில் இருப்பார். இரண்டும் உண்மைதான்.

இரண்டாவது டாக்டர் என்பது ஆடம்பரமே இல்லை. ஒருவர் வெளியே போனால் ஒருவர் நாற்காலியில் இருப்பார் என்ற உறுதி அது. ஒருவரை மட்டும் வைத்து இரவும் பகலும் ஓட்டினால் அவர் மாறுதலுக்கு எழுதிக் கொடுப்பார். அதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்தது மேற்படிப்பு. எம்.பி.பி.எஸ். முடித்த இளைஞர் கிராமத்துக்கு வரப் பெரிய காரணமே அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான பி.ஜி. இடஒதுக்கீடுதான். தமிழ்நாட்டில் 50 சதவீதமாக இருந்த அந்த ஒதுக்கீடு 2017இல் வழக்குகளில் சிக்கி நின்றது. மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. அதனால் வழி திறந்தது. ஆனால் பி.ஜி. சேர்க்கை ஒரே காலத்தில் நடக்கிறது. ஒரே வட்டாரத்தில் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்த வாரங்களில் விடுபட்டுப் போவார்கள். யாருக்கு இடம் கிடைத்தது என்பது கவுன்சலிங் பட்டியலிலேயே தெரியும். விடுவிப்பு ஆணையும் மாற்று ஆள் ஆணையும் ஒரே நாளில் வந்தால் நாற்காலி காலியாகாது. இதற்குப் புது நிதியும் தேவையில்லை.

இரவு ஷிஃப்ட் (ஸ்டாஃப் நர்ஸ்)

டாக்டர் இல்லாத இரவில் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு உதாரணம் மட்டும்.

பாம்புக்கடி. முதலில் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. கண்ணாடிக் குழாய் புதியதாக, சுத்தமாக, ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். 2 மி.லி. ரத்தம் விட்டு 20 நிமிடம் தொடாமல் வைத்து, பிறகு ஒரே முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஆட்டிப் பார்த்தால் சோதனை கெட்டது. கட்டியாகாமல் ரத்தம் ஓடினால் கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியன் விஷம் ஏறியிருக்கிறது. கட்டியாகிவிட்டது என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்கக் கூடாது. நாகமும் கட்டுவிரியனும் ரத்தத்தை விட்டு நரம்பைத் தாக்கும், அதனால் இமை தொங்குகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தப்பு பெரும்பாலும் குழாயில் நடக்கிறது. கண்ணாடிப் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புப் பவுடர் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கும். அதைப் பார்த்து விஷம் என்று முடிவு செய்துவிடுவார்கள். பத்துப் புதுக் குழாய்களை மூடி தனியாக "பாம்புக்கடி" என்று எழுதி வைத்தால் போதும்.

விஷமுறிவு மருந்து ஆரம்பத்தில் 10 குப்பி. குழந்தைக்கும் அதே 10, ஏனென்றால் உடம்பு சின்னதானாலும் ஏறிய விஷம் அதேதான். கரைக்கும்போது குலுக்கினால் நுரைத்துவிடும், உள்ளங்கையில் மெதுவாக உருட்ட வேண்டும். சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். அலர்ஜி வரலாம் என்பதால் அட்ரினலினை முதலிலேயே சிரிஞ்சில் எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும், பெரியவர்களுக்கு 0.5 மி.லி., தசையில்.

டாக்டர் இல்லாவிட்டால் இந்த அலர்ஜி பயத்தில்தான் மருந்தைத் தொடாமலேயே நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். குப்பி அலமாரியில் இருக்கும், நோயாளி ஒரு மணி நேரம் ஆம்புலன்ஸில் இருப்பார். வட்டார டாக்டருக்குப் போன் போட்டு, அவர் சொன்ன டோஸையும் நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதித் தொடங்கலாம், மறுநாள் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட மறுக்கும் டாக்டர் ஒருவர் இருந்தாலும் அந்த வட்டாரத்தில் எந்த நர்ஸும் அடுத்த முறை துணியமாட்டார்.

இன்னொன்று, கர்ப்பிணிக்கு வலிப்பு. மெக்னீசியம் சல்ஃபேட் 50 சதவீத ஆம்பூல் ஒன்றில் 2 மி.லி., அதாவது 1 கிராம். அனுப்புவதற்கு முன் ஒரு புட்டத்தில் 5 ஆம்பூல், மறு புட்டத்தில் 5, ஆழமாகத் தசையில். மொத்தம் 10. அவசர டிரேயில் நாலோ ஐந்தோதான் கிடக்கும், மீதி ஸ்டோரில், ஸ்டோர் சாவி பார்மசிஸ்ட் வீட்டில். ஷிஃப்ட் மாறும்போது பத்தையும் எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசினை டிரேயில் வைக்காதீர்கள், அது 2 முதல் 8 டிகிரி ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும்.

மயக்கவியல்

நர்ஸ் மேடம் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். தாலுகா ஆஸ்பத்திரியில் சிசேரியன் நடக்காததற்குக் காரணம் பெரும்பாலும் மயக்க மருந்து டாக்டர் இல்லாததுதான். இதற்காகவே எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு மயக்கவியல் பயிற்சியும், அவசரப் பிரசவப் பயிற்சியும் உண்டு. பயிற்சி முடித்தவரை தியேட்டரே இல்லாத பி.எச்.சி.க்குத் திருப்பி அனுப்பினால் ஆறு மாதத்தில் கை மறந்துவிடும். மயக்கவியல் பயிற்சி பெற்ற ஒருவரையும் பிரசவப் பயிற்சி பெற்ற ஒருவரையும் ஜோடியாக ஒரே ஆஸ்பத்திரியில் போட வேண்டும், ரத்த சேமிப்பு அறை உள்ள இடமாக. ஒருவரை மட்டும் மாறுதல் செய்தால் இரண்டு பயிற்சியும் வீண்.

தென்மேற்கு

எல்லாம் சரி டாக்டர். கட்டாயப்படுத்தினால் என்ன? அரசுக் கல்லூரியில் மக்கள் பணத்தில் படிக்கிறார்கள், இரண்டு வருடம் கிராமத்தில் இருக்கட்டுமே.

வட்டார மருத்துவ அலுவலர்

தென்மேற்கு சார், உங்கள் கோபம் நியாயம்தான். கட்டாயத்தில் ஆள் வருவார். ஆனால் சர்க்கரை, பிரஷர் நோயாளிக்கு ஒரே டாக்டர் தொடர்ந்து பார்ப்பது முக்கியம். வருடா வருடம் முகம் மாறினால் மாத்திரையும் மாறும், நோயாளி குழம்பி மாத்திரையையே நிறுத்திவிடுவார். எலும்பு டாக்டரை எக்ஸ்ரே இல்லாத இடத்தில் உட்கார வைத்தால் அவராலும் பயனில்லை.

எனக்கு நம்பிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத இடம் கொடுக்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்குக் கிராமம் தண்டனையாகத் தெரியாது. அவர்கள் பணியில் சேரும்போது குவார்ட்டர்ஸைச் சரி செய்து வையுங்கள். ஃபைலில் "குவார்ட்டர்ஸ் உண்டு" என்றிருக்கும். போய்ப் பார்த்தால் மோட்டார் காயில் எரிந்து தண்ணீர் ஏறாது, பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. பெண் டாக்டர் தனியாக அங்கே எப்படித் தங்குவார்?

கீழத்தெரு

நன்றி. மனு எழுதுபவர்களுக்காக: தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "டாக்டர் ஏன் இல்லை" என்று கேட்காதீர்கள், "ஏன்" என்பதற்குப் பதில் வராது, பதிவேட்டில் இருப்பதற்குத்தான் வரும். நிலையத்தின் பெயர் போட்டு இப்படிக் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட மருத்துவ அலுவலர் பணியிடங்கள் எத்தனை, இன்றைய தேதியில் நிரம்பியவை எத்தனை, மாற்றுப்பணியில் சென்றவர் இருந்தால் அந்த ஆணையின் நகல், கடந்த மூன்று மாத வருகைப் பதிவேட்டு நகல். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பதிவுத் தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.