சத்தம் கேக்குது, பேச்சு கேக்கல

ரங்கூனிலிருந்து, சபைச் செயலாளர்:

போன மழைக்காலத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு பாட்டி இறந்துபோனார். ஞாயிறுதோறும் முதல் வரிசையில் உட்காருகிறவர். ரேவே கல்லறையில் அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் நான்கு பேர் குடும்பத்தார். மண் போட்டு முடிந்ததும் அவர் மகள் என்னிடம் வந்து கேட்டார்: "அண்ணே, சபையில யாருக்குமே சொல்லலையா?"

சொல்லியிருந்தேன். முந்தின நாள் சாயங்காலமே போனில் வைபர் செயலியில் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தச் செய்தியை எடுத்து நானே படித்துப் பார்த்தேன். மேலே பூப்படம், அப்புறம் ஸ்தோத்திரம், இரண்டு வசனம், பாட்டி செய்த ஊழியத்தைப் பற்றி ஒரு பத்தி. எத்தனை மணிக்கு, எங்கே, வண்டி எங்கிருந்து கிளம்பும் என்பதெல்லாம் இருபத்திரண்டாவது வரியில் கிடந்தது. 2021 பிப்ரவரியில் பேஸ்புக்கை முடக்கின பிறகு எல்லாரும் வைபருக்கு வந்து குவிந்தோம். அறிவிப்பு, அரட்டை, காலை வணக்கம், பாட்டு வீடியோ எல்லாம் ஒரே குழுவில். அன்றைக்கு மட்டும் அறுபதுக்கு மேல் செய்திகள் வந்திருந்தன.

தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகப் பர்மியத்திலும் எழுதியிருந்தேன். ஆனால் என் பழைய போனில் இருப்பது ஸோஜி என்கிற பழைய பர்மிய எழுத்துமுறை. 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறினது. ஸோஜியில் அடித்தது யூனிகோடு போனுக்குப் போனால் எழுத்து உடைந்து, குறிகள் இடம் மாறி, படிக்கவே முடியாது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். எத்தனை மாதமாக அப்படி அனுப்பிக்கொண்டிருந்தேனோ, யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது அறிவிப்புக்கென்று தனிக் குழு வைத்திருக்கிறோம். அதில் இரண்டு பேர் மட்டும்தான் எழுதலாம். முதல் வரியிலேயே யார், என்ன, எப்போது, எங்கே என்று வந்துவிட வேண்டும். வாரத்துக்கு மூன்று செய்திக்கு மேல் கிடையாது. உங்கள் சபைகளில் எப்படி என்று எழுதுங்கள். அந்த மகள் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

மோல்மீனிலிருந்து, ஞாயிறு பள்ளி ஆசிரியை:

அண்ணன் எழுதினதைப் படித்ததும் என் வகுப்பில் நடந்தது ஞாபகம் வந்தது. பதினொரு வயதுப் பையன், மனப்பாட வசனத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான். "கிருபைன்னா என்னடா?" என்று கேட்டேன். "தெரியாது டீச்சர், சர்ச்ல சொல்றது" என்றான்.

அவனுக்கு வீட்டில் பாட்டியோடு மட்டும்தான் தமிழ். பள்ளியிலும் தெருவிலும் பர்மியம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தயவு, இரக்கம் என்று சொன்னால் அதுவும் அவனுக்குச் சர்ச் வார்த்தைதான். அப்புறம் பர்மிய வேதாகமத்தைத் திறந்து அதே வசனத்தைக் காட்டினேன். அங்கே கிருபைக்குச் 'செஸூதோ' என்று இருக்கும். கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது நன்றிக்கு நாம் சொல்கிற 'செஸூ தின்பாதே'யில் இருப்பதும் அதே 'செஸூ'தான், உபகாரம் என்று அர்த்தம். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப கடவுள்தான் நமக்குச் செஸூ செஞ்சாரா? நாம கேக்காமலேயா?" என்றான். நான்கு வருஷமாக அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்த எனக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது.

அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834இல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தது எங்கள் ஊரில்தான். அவர் ரங்கூனில் வந்து இறங்கினது 1813இல். முதல் பர்மிய விசுவாசி மாவுங் நாவ் ஞானஸ்நானம் பெற்றது 1819இல். நடுவில் ஆறு வருஷம். அதில் பெரும்பங்கு மொழி கற்கவே போயிற்று. 1819இல்தான் வழிப்போக்கர்கள் உட்கார்ந்து இளைப்பாறுகிற சயாட் ஒன்றைச் சாலையோரம் கட்டினார். பர்மியர்களுக்குப் பழக்கமான இடம் அது. அதில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் அவர்கள் பேச்சிலேயே பேசினார். நாங்களோ சொந்தப் பேரப்பிள்ளைகளிடம்கூட அவர்களுக்குப் புரிகிற பேச்சில் பேசாமல் இருந்திருக்கிறோம்.

ரங்கூனிலிருந்து, சபையில் சவுண்டு மிக்சர் பார்க்கிற தம்பி:

நான் ஆறு வருஷமாக எங்கள் சபையில் சவுண்டு பார்க்கிறேன். பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர், தெருவில் உண்டியல் வசூலுக்கு வருகிற ஒலிபெருக்கி வண்டி, மோஹிங்கா என்கிற மீன் நூடுல்ஸ் விற்கிறவர் குரல் எல்லாம் ஜன்னல் வழியே வரும். அதைவிட நம் சத்தம் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போனேன். பாட்டுக்கு எக்கோ போட்டால் நன்றாக இருக்கும், பிரசங்கத்துக்கும் அதையே விட்டுவிடுவேன்.

ஒரு நாள் ஆராதனை முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தாத்தா மெதுவாக வந்து என் தோளைத் தொட்டார். "தம்பி, சத்தம் கேக்குது, பேச்சு கேக்கல" என்றார். குறை சொல்கிற குரல் இல்லை அது. எத்தனை ஞாயிறு அப்படி உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார்.

அந்த வாரமே ஆராதனை இல்லாத நேரத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, ஒரு நண்பனை மைக்கில் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, கட்டடமே எதிரொலிக்கிறது. அதன்மேல் என் எக்கோ. போதாததற்குக் குரல் கம்பீரமாக இருக்கட்டும் என்று பாஸ், அதாவது கீழ்ச்சுருதிச் சத்தத்தை, ஏற்றியிருந்தேன். க, ச, த, ப எல்லாம் ஒன்றாகக் குழைந்து போயிருந்தன. வயதானவர்களுக்கு முதலில் குறைவது உயர்ந்த சுருதிச் சத்தம்தான், சொற்களைப் பிரித்துக் காட்டுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது பிரசங்கம் ஆரம்பித்தால் எக்கோவை முழுதாக அடைத்துவிடுகிறேன், பாஸைக் குறைக்கிறேன். பெட்டியைப் பின்சுவரைப் பார்த்து வைக்காமல் ஆட்கள் பக்கம் சாய்த்து வைத்தேன். மொத்தச் சத்தம் முன்னைவிடக் குறைவு. போதகர் ஐயாவிடமும் கொஞ்சம் நிறுத்திப் பேசும்படி கேட்டுக்கொண்டேன், அவர் வருத்தப்படவில்லை. தாத்தா இப்போது பிரசங்கத்தில் கேட்டதைப் பற்றி என்னிடம் பேசுகிறார்.

பீகுவிலிருந்து, ஒரு மூப்பர்:

தம்பி செயலாளருக்கு ஒன்று. ஸ்தோத்திரம் சொல்லாமல் முதல் வரியிலேயே "மரணம், காலை 10 மணி" என்று வந்தால் எங்களைப்போன்ற பெரியவர்களுக்கு மனசு கஷ்டப்படும். கடை விளம்பரம்போல் இருக்கிறது. சபை பேசுகிறபோது அன்பும் தெரிய வேண்டும் அல்லவா?

ரங்கூனிலிருந்து, சபைச் செயலாளர்:

ஐயா, நீங்கள் சொல்வது சரி. எங்கள் மூப்பர்களும் இதையேதான் சொன்னார்கள். அதனால் ஒரே வார்த்தை, 'ஸ்தோத்திரம்', அதை முதலில் வைத்தோம். அடுத்து உடனே விஷயம். வசனம் கடைசியில். பதினாயிரம் வார்த்தையைவிடப் புரிகிற ஐந்து வார்த்தை மேல் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினது சபைக்குள் பேசுகிற பேச்சைப் பற்றித்தானே. அன்பைப் பற்றி நீங்கள் கேட்டதை நான் வேறு விதத்தில் செய்ய முயல்கிறேன். மரணச் செய்தி என்றால் இப்போது வைபரோடு விடுவதில்லை. கரண்ட் முறைவைத்து வருகிறது, பாதிப் பேர் போனில் சார்ஜ் இருக்காது. வாலிபப் பிள்ளைகளைத் தெருத்தெருவாகப் பிரித்து அனுப்புகிறோம். இங்கே மாடி வீடுகளிலிருந்து கீழே கயிறு தொங்கும், இழுத்தால் மேலே மணி அடிக்கும், நுனியில் கிளிப் இருக்கும். மணியடித்து, பால்கனிக்கு வந்தவரிடம் வாயால் சொல்லிவிட்டு, நேரம் எழுதின துண்டுச் சீட்டைக் கிளிப்பில் மாட்டிவிட்டு வருவார்கள்.

ஆறாவது மாடியில் தனியாக இருக்கிற ஒரு அக்காவுக்குக் காது கேட்காது, மணியடித்தும் பயன் இல்லை. அவருக்குக் கீழே குடியிருக்கும் பர்மியப் பெண்ணிடம் சொல்லிவைத்திருக்கிறோம். அவர் புத்த மதத்தவர். போன மாதம் ஓர் அடக்கத்துக்கு அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, ரேவே வரைக்கும் அவரும் வந்தார்.